எந்த உயரத்தில் விளைந்தது? ஆல்ட்டோ அடிஜே ஒயினுக்கு ஓர் எளிய அறிமுகம்

ஒயின் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் 'குளிர்ப் பிரதேச ஒயின்' என்ற சொல் சீக்கிரமே எதிரே வந்து நிற்கும். கேட்டவுடன் நாள் முழுக்கப் பனிமூட்டமும் கம்பளியுமாக இருக்கிற ஓர் ஊர் மனதில் வரும். அப்படிப்பட்ட ஊரில் திராட்சைக் கொடி வைத்தால் இலை வரும், காயும் வரும், பழம் வராது. திராட்சைக்கு வெயில் வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். அப்புறம் ஏன் குளிர்ப் பிரதேசம் என்கிறார்கள்? இதைப் பொதுவாக விளக்கிக்கொண்டு போனால் தலைதான் சுற்றும். அதனால் ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்: இத்தாலியின் வடக்கு ஓரத்தில், ஆல்ப்ஸ் மலைக்குள்ளே, ஆஸ்திரியாவை ஒட்டி இருக்கிற ஆல்ட்டோ அடிஜே.

முதலில் நில அமைப்பு. அடிஜே ஆறு (இத்தாலியின் இரண்டாவது நீளமான ஆறு, சுமார் 410 கிலோமீட்டர்) ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில் ரெஷன் கணவாய் அருகே பிறந்து, மெரானோ வழியாக இறங்கி வருகிறது. பொல்சானோ நகருக்குச் சற்றுத் தெற்கே, வடகிழக்கிலிருந்து வரும் ஐசாக் ஆறு அதில் சேர்கிறது. மேலிருந்து பார்த்தால் உண்டிவில் கவட்டை மாதிரி இருக்கும். மேற்குக் கிளை வின்ஷ்காவ், வடகிழக்குக் கிளை ஐசாக் பள்ளத்தாக்கு, கைப்பிடிதான் தெற்கு நோக்கி இறங்கும் அகலமான அடிஜே பள்ளத்தாக்கு. திராட்சை எல்லாம் இந்தக் கவட்டையின் இரண்டு ஓரத்துச் சரிவுகளிலும் சுமார் 200 மீட்டர் உயரத்தில் ஆரம்பித்து 1000 மீட்டர் வரை ஏறுகிறது. மொத்தமே 5,800 ஹெக்டேர் பக்கம்தான், இத்தாலி தயாரிக்கும் ஒயினில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது.

கவட்டையின் நடுவில் இருக்கிற பொல்சானோ வெறும் 262 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் மலைச் சுவர், அடியில் நகரம், கோடையில் காற்று தேங்கி நின்றுவிடும். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். இத்தாலியிலேயே அன்றைக்கு அதிக வெப்பம் பதிவான நகரங்களின் பட்டியலில் இந்த ஆல்ப்ஸ் நகரத்தின் பெயர் அடிக்கடி வரும். வடக்கே இருக்கிற உயர்ந்த மலைத்தொடர் குளிர்காற்றைத் தடுத்துவிடுகிறது, தெற்குப் பக்கம் திறந்து கிடப்பதால் கார்டா ஏரிப் பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று உள்ளே வருகிறது. போதாக்குறைக்கு இது 46 டிகிரி வடக்கு அட்சரேகை; ஜூன் மாதத்தில் பகல் மட்டும் 15 மணி நேரத்துக்கு மேல். ஆகவே பழுக்கத் தேவையான வெயிலுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

குளிர் இருப்பது இரண்டு இடங்களில். ஒன்று இரவு, இன்னொன்று உயரம். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகவே விளங்கும்.

இரவிலிருந்து ஆரம்பிப்போம். திராட்சை பழுக்கும்போது உள்ளே ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. சர்க்கரையைத்தான் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றப் போகிறது (சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்), அதனால் சர்க்கரை போதவில்லை என்றால் ஒயினில் சத்தே இருக்காது. புளிப்பு போய்விட்டாலோ ஒயின் சப்பென்று, வாயில் கனமாக உட்கார்ந்துவிடும். பழத்தில் இருக்கும் முக்கியமான இரண்டு அமிலங்களில் மாலிக் அமிலம், அதாவது ஆப்பிளுக்குப் புளிப்புத் தருகிற அதே அமிலம், வெப்பத்தில் சீக்கிரம் செலவாகிவிடும். பழம் மூச்சு விடும்போது அதை எரித்துத் தீர்க்கிறது, இரவும் சூடாக இருந்தால் இரவிலும் எரிக்கிறது. இரவு குளிர்ந்தால் அந்தச் செலவு குறைகிறது. பகலில் வெயில் சர்க்கரையைச் சேர்க்கிறது, இரவில் மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்று புளிப்பைக் காப்பாற்றித் தருகிறது. மணத்துக்கும் இது நல்லது. குளிர்ப் பிரதேச ஒயின் குடித்தால் நாக்கின் இரண்டு ஓரத்திலும் எச்சில் ஊறுவதற்குக் காரணம் இந்தப் புளிப்புதான்.

இன்னொரு பக்கம், பிற்பகலில் கார்டா ஏரியிலிருந்து பள்ளத்தாக்கின் வழியே ஏறி வருகிற 'ஓரா' என்ற காற்று. இது தெற்குப் பகுதிக் கிராமங்களில் இலையையும் குலையையும் உலர்த்திவிடுகிறது, அதனால் பூஞ்சை நோய் கொஞ்சம் அடங்கி இருக்கிறது. மருந்து அடிக்கிற செலவு தெரிந்தவர்களுக்கு இந்தக் காற்றின் அருமை புரியும்.

அடுத்து உயரம். 100 மீட்டர் ஏறினால் சராசரியாக 0.6 டிகிரி குறையும். அப்படியானால் 200 மீட்டரில் இருக்கிற தோட்டத்துக்கும் 1000 மீட்டரில் இருக்கிற தோட்டத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 5 டிகிரி வித்தியாசம். சமவெளியில் இந்த 5 டிகிரியைப் பார்க்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும், இங்கே ஒரே மலைச் சரிவில், காரில் அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதனால்தான் இவ்வளவு சின்னப் பகுதியில் 20 ரகம் திராட்சை விளைகிறது. 'இந்தப் பகுதியின் திராட்சை எது?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த உயரம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு சந்தேகம் வரலாம். மேலே போகப் போகக் குளிர்தானே, அப்படியானால் பள்ளத்தாக்கின் அடித்தளத்தில்தானே எல்லோரும் திராட்சை வைக்க வேண்டும்? போய்ப் பார்த்தால் அடித்தளம் முழுக்க ஆப்பிள்தான் நிற்கிறது, ஐரோப்பாவின் பெரிய ஆப்பிள் தோட்டப் பகுதிகளில் இது ஒன்று. காரணம், குளிர்காற்று கனமானது, இரவில் சரிவிலிருந்து வழிந்து அடியில் போய்த் தேங்கும். ஏப்ரலில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் முதலில் அடிவாங்குவது அடித்தளம்தான். அங்கே ஆப்பிள்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா, உறைபனி வரும் இரவில் தெளிப்பான்களைத் திறந்து பூக்கள் மேல் தண்ணீர் அடிக்கிறார்கள்! தண்ணீர் உறையும்போது வெளிவிடுகிற வெப்பம் பூவைப் பூஜ்யத்துக்குக் கீழே அதிகம் போகவிடாமல் பிடித்து வைக்கிறது, காலையில் பார்த்தால் பூ எல்லாம் கண்ணாடிக்குள் வைத்தது போலப் பனிக்கட்டிக்குள் இருக்கும், ஆனால் உயிரோடு இருக்கும். சரிவில் இந்தத் தலைவலி குறைவு. தவிர, சரிவான நிலத்தில் வெயில் நேராக விழும், தண்ணீர் தேங்காது, மண் வளம் குறைவு என்பதால் கொடி இலையாகத் தழைத்துக்கொண்டே போகாமல் பழத்தில் கவனம் வைக்கும்.

சரி, இப்போது கீழிருந்து மேலே ஏறுவோம்.

அடியில் லாக்ரைன். இது வெப்பம் கேட்கிற கருந்திராட்சை, பொல்சானோவின் க்ரீஸ் பகுதியில் ஆற்று வண்டலும் சரளையும் கலந்த சூடான மண்ணில்தான் அதற்குப் பேர். ஒயின் மை போலக் கறுத்து, நாவல்பழம் சாப்பிட்டது மாதிரி ஒரு துவர்ப்போடு இருக்கும். பக்கத்து மாகாணமான ட்ரென்டினோவின் டெரோல்டெகோ திராட்சைக்கு இது நெருங்கிய சொந்தம். துவர்ப்பு பிடிக்காதவர்களுக்கு லாக்ரைனிலேயே இளஞ்சிவப்பு ஒயினும் செய்கிறார்கள், 'க்ரெட்ஸர்' என்று பெயர். எப்படி என்றால், பெரும்பாலான கருந்திராட்சைக்கும் உள்ளே சாறு வெளிறிய நிறம்தான், நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன. தோலோடு பல நாள் ஊறவைத்தால் சிவப்பு ஒயின், சில மணி நேரத்தில் சாற்றைப் பிரித்தால் இளஞ்சிவப்பு. வெள்ளை ஒயினுக்குத் தோலை முதலிலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

கொஞ்சம் மேலே, பந்தல்களில் ஸ்கியாவா. ஜெர்மனில் ஃபெர்னாச். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையப் பேச வேண்டும்.

ஸ்கியாவா என்பது ஒரே ரகம் இல்லை, ஒரு குடும்பம். ஒயின் வெளிர் சிவப்பாக, ஸ்ட்ராபெரி, செர்ரி மணத்தோடு, துவர்ப்பே இல்லாமல், ஆல்கஹாலும் குறைவாக இருக்கும். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி இதுதான். நிறையக் காய்க்கிற ரகம் என்பதால் எடைக்கு எடை காசு என்று விவசாயிகள் காய்க்கவிட்டார்கள், அந்த நீர்த்த ஒயின் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் மலிவாகப் போனது. பேர் கெட்டது. 1980களிலிருந்து ஸ்கியாவாவைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெள்ளைத் திராட்சைகளை நட்டார்கள். இன்றைக்கு மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஸ்கியாவா மிச்சம், மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாக வெள்ளை ரகங்கள். பிடுங்கியதில் பாதி நியாயம், பாதி அவசரம் என்பது என் கருத்து. பழைய கொடிகளிலிருந்து, குறைவாகக் காய்க்கவிட்டு எடுத்த ஸ்கியாவா அவ்வளவு இனிமையான ஒயின். பொல்சானோவை ஒட்டிய சான்டா மத்தலேனா குன்றின் ஒயினில் பெரும்பங்கு ஸ்கியாவாவும் ஒரு கைப்பிடி லாக்ரைனும் சேர்கின்றன. ஆரம்பத்தில் குடித்துப் பார்க்க இதைவிடத் தோதான சிவப்பு ஒயின் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் பெரிய பழம் காய்க்கிற ரகத்துக்கு ஸ்கியாவா க்ரோசா என்று பெயர். அதற்கும் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா என்ற ரகத்துக்கும் பிறந்த பிள்ளைதான் மஸ்கட் ஹாம்பர்க். அந்த மஸ்கட் ஹாம்பர்க்தான் நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதேதான். ஆக, தேனி மாவட்டத்துப் பந்தலில் தொங்கும் குலைக்கு ஆல்ப்ஸ் மலையில் ஒரு பெற்றோர் உண்டு. இரண்டு இடத்திலும் பந்தல் போடுகிறார்கள், இரண்டு இடத்திலும் கவாத்து செய்கிறார்கள், ஆனால் கொடியின் வாழ்க்கை வேறு. கம்பத்தில் கொடி தூங்குவதே இல்லை, எப்போது கவாத்து செய்கிறீர்களோ அதிலிருந்து கணக்கு வைத்து அறுவடை, வருடம் முழுக்கச் சந்தைக்குப் பழம். ஆல்ப்ஸில் நவம்பரோடு இலை கொட்டி, கொடி கட்டையாக நின்றுவிடும். குளிர்காலத்தில் கவாத்து, ஏப்ரலில் மொட்டு, ஜூன் வாக்கில் பூ, செப்டம்பர், அக்டோபரில் அறுவடை, அவ்வளவுதான், வருடத்துக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அந்த ஒரு பழத்தில் ஆண்டின் வெயில், மழை எல்லாம் பதிந்துவிடுகிறது. பாட்டிலில் ஆண்டு போட்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னும் ஏறுவோம். தெற்கே ட்ரமின் என்ற கிராமம். கெவுர்ஸ்ட்ராமினர் திராட்சைக்குப் பேர் கொடுத்த ஊர். தோல் இளஞ்சிவப்பு, ஒயின் வெள்ளை. மூக்கருகே கொண்டு போனதும் ரோஜாவும் லிச்சிப் பழமும் தூக்கி அடிக்கும், பன்னீர் தெளித்த கல்யாண மண்டபம் ஞாபகம் வரும். இந்தத் திராட்சைக்கு இயல்பிலேயே சர்க்கரை அதிகம், புளிப்பு கம்மி. சூடான ஊரில் நட்டால் வாசனைத் தைலம் மாதிரி ஆகிவிடும். ட்ரமினின் குளிர்ந்த இரவுகள்தான் அதை நிமிர்த்தி வைக்கின்றன. முதல் கோப்பை எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டாவது கோப்பை பாதியிலேயே அலுத்துப் போவதும் உண்டு, எனக்கு அப்படித்தான். ஆற்றுக்கு எதிர்க்கரையில் மாசோன் என்ற சின்ன மேட்டுநிலம், மேற்குப் பார்த்தது, காலை வெயில் தாமதமாக வரும். அங்கே பினோ நுவார். நிறைய வெயிலும் பிடிக்காமல் நிறையக் குளிரும் பிடிக்காமல் அடம்பிடிக்கிற இந்தத் திராட்சைக்கு இத்தாலியில் மிக நல்ல இடம் இதுதான் என்று பலரும் சொல்கிறார்கள்.

பொல்சானோவுக்கும் மெரானோவுக்கும் நடுவில் டெர்லானோ. எரிமலைப் பாறையான போர்ஃபிரியின் செம்மண் சரிவு, முக்கியமான திராட்சை பினோ பியாங்கோ. இது ஆடம்பரம் இல்லாத திராட்சை, இளசாகக் குடித்தால் ஆப்பிள், பேரிக்காய், கொஞ்சம் பூமணம், அவ்வளவுதான், 'இதில் என்ன இருக்கிறது?' என்று தோன்றும். அங்கே 1950களில் கூட்டுறவு ஒயின் ஆலையின் தயாரிப்புப் பொறுப்புக்கு வந்த செபாஸ்டியன் ஸ்டோக்கர் என்பவர் வெள்ளை ஒயினும் பல ஆண்டுகள் தாங்கும் என்று நம்பி ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் பாட்டில்களை விற்காமல் ஒதுக்கி வைத்தார். அந்தப் பாட்டில்களைப் பல பத்தாண்டு கழித்துத் திறந்தபோது அவர் நினைத்தது சரி என்று தெரிந்தது. என்னைக் கேட்டால் இந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான சாதனை இந்தப் பினோ பியாங்கோதான். விலையும் பெரிய பேர்களை விடக் குறைவு.

வடகிழக்குக் கிளையான ஐசாக் பள்ளத்தாக்கு இன்னும் ஒடுக்கம், இன்னும் குளிர். 1142இல் நிறுவப்பட்ட நொய்ஸ்டிஃப்ட் மடாலயம் அங்கே இருக்கிறது, இன்றைக்கும் ஒயின் செய்கிறது. சிவப்புக்கு அங்கே வேலை குறைவு. சில்வானர், ரீஸ்லிங், மியுலர்-துர்காவ், கெர்னர் என்று எல்லாம் வடக்கத்தி வெள்ளைகள். மியுலர்-துர்காவ் 1882இல் ஹெர்மன் மியுலர் என்ற சுவிஸ் ஆராய்ச்சியாளர் உருவாக்கியது. சீக்கிரம் பழுக்கும், அதனால் உயரத்துக்கு ஏற்றது. சமவெளியில் இதைக் கொட்டிக் கொட்டி விளைவித்துத் தண்ணியாக்கிவிட்டார்கள், ஆனால் டீஃபன்ப்ரூனர் என்ற குடும்பம் தெற்கே இருக்கிற ஃபென்பெர்க் மலைமேட்டில் சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இதே ரகத்திலிருந்து எடுக்கிற ஒயினைக் குடித்தால் இதுவா அது என்று கேட்பீர்கள். கெர்னர் 1929இல் ஜெர்மனியில் வந்தது, ரீஸ்லிங்குக்கும் ஸ்கியாவா க்ரோசாவுக்கும் பிறந்தது. ஆமாம், அதே ஸ்கியாவா க்ரோசா. கணக்குப் போட்டால் கெர்னரும் பன்னீர் திராட்சையும் ஒருவழியில் உடன்பிறப்பு!

மேற்குக் கிளை வின்ஷ்காவ் ஆல்ப்ஸின் மிக வறண்ட பள்ளத்தாக்குகளில் ஒன்று. வருடத்துக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. 'வால்' என்று சொல்கிற நீண்ட வாய்க்கால்களை நூற்றாண்டுகளுக்கு முன்பே மலையோரமாக வெட்டித் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறார்கள், அதைப் பராமரிக்க ஊரில் தனி ஆள் இருந்தார், நம் மடையர், நீர்க்கட்டி மாதிரி. இங்கே ரீஸ்லிங் நன்றாக வருகிறது.

பெயர்க் குழப்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. முதல் உலகப் போர் வரை இந்த நிலம் ஆஸ்திரியாவில் இருந்தது, 1919 ஒப்பந்தத்தில் இத்தாலிக்குப் போனது. இன்றும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மக்கள் ஜெர்மன் பேசுகிறவர்கள். அதனால் லேபிளில் இரண்டு மொழியும் வரும்: ஆல்ட்டோ அடிஜே என்றாலும் சூட்டிரோல் என்றாலும் ஒரே இடம். பினோ பியாங்கோவும் வைஸ்புர்குண்டரும் ஒன்று. பினோ நுவார் அங்கே பினோ நேரோ அல்லது ப்ளவ்புர்குண்டர். இந்த நான்கைந்து ஜோடிகளைத் தெரிந்துகொண்டால் கடையில் முழிக்க வேண்டாம். 'டி.ஓ.சி.' என்ற எழுத்துகள், எந்த எல்லைக்குள் என்ன ரகம் எவ்வளவு விளைவிக்கலாம் என்ற சட்டத்துக்கு உட்பட்டது என்று சொல்கின்றன. ஆல்ட்டோ அடிஜேக்கு அது 1975இல் வந்தது.

தயாரிப்பாளர் பெயரில் 'கான்டினா' அல்லது 'கெல்லெரை' என்று ஊர்ப்பெயரோடு இருந்தால் பெரும்பாலும் கூட்டுறவு. கூட்டுறவு என்றதும் மட்டச் சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஒரு ஹெக்டேர்தான் தோட்டம். அவ்வளவு சின்ன நிலத்துக்குத் தனியாக ஆலை போட யாராலும் முடியாது, அதனால் 1893இலேயே டெர்லானோ போன்ற ஊர்களில் சேர்ந்து ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அப்பகுதி ஒயினில் சுமார் 70 சதவீதம் கூட்டுறவுகளுடையது. எடைக்கு மட்டும் காசு என்ற பழைய வழக்கத்தை மாற்றி, பழத்தின் தரம் பார்த்துக் காசு கொடுக்க ஆரம்பித்ததுதான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது.

வாங்கும்போது முடிந்தால் கிராமத்தின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ பார்த்து, அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஒரே பினோ பியாங்கோ 300 மீட்டரிலிருந்து வந்தால் உருண்டையாக, பழுத்த பழமாக இருக்கும், 650 மீட்டரிலிருந்து வந்தால் எலுமிச்சைப் புளிப்போடு நிமிர்ந்து நிற்கும். வெள்ளையை 10 டிகிரி சுற்றி வைத்துக் குடியுங்கள், ஐஸ் மாதிரி ஆக்கிவிட்டால் மணம் செத்துவிடும். ஸ்கியாவாவையும் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், சிவப்பு ஒயினைக் குளிரவைப்பதா என்று யாராவது கேட்டால் கண்டுகொள்ள வேண்டாம், அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் குடிக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் 'ட்யோர்கெலன்' என்று ஒரு வழக்கம், பண்ணை வீடுகளுக்குப் போய் அந்த ஆண்டின் புது ஒயினைச் சுட்ட செஸ்நட்டோடும் உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சியோடும் சாப்பிடுவார்கள்.

நான் மேலே சொன்ன உயரக் கணக்கை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம். பூமி சூடாகிக்கொண்டு வருவதால் அறுவடை முன்கூட்டியே வருகிறது, அடியில் இருந்த வெள்ளை ரகங்களை மேலே கொண்டு போகிறார்கள், முன்பு மாட்டுக்குப் புல் மட்டும் விளைந்த இடத்தில் இப்போது கொடி நடுகிறார்கள். பூஞ்சையைத் தாங்கும் சோலாரிஸ் போன்ற புது ரகங்கள் 1000 மீட்டருக்கும் மேலே ஏறிவிட்டன. பதினைந்து வருடம் கழித்து யாராவது இதே கட்டுரையை எழுதினால் ஒவ்வொரு திராட்சையையும் ஒரு படி மேலே தள்ளி எழுத வேண்டியிருக்கும்.